ஹிப்போகாம்பஸ்: மூளைக்குள் குதிரை வந்த கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிப்போகாம்பஸ் என்றால் என்ன பொருள்?

கடற்குதிரை. நினைவுகளைப் பதிய வைப்பதில் பங்கெடுக்கும் ஒரு மூளைப்பகுதிக்கு இந்தப் பெயர். கிரேக்க மொழியில் ஹிப்போஸ் என்றால் குதிரை, காம்போஸ் என்றால் கடலில் வாழும் பூதம் போன்ற பிராணி. கிரேக்கப் புராணத்தில் இது முன்பாதி குதிரையாகவும் பின்பாதி மீன் வாலாகவும் இருக்கும். கடல் தெய்வமான பொசைடனின் தேரை இழுப்பது இதன் வேலை. மீன்தொட்டியில் நாம் பார்க்கிற, வாலைச் சுருட்டி நிமிர்ந்து நிற்கும் சின்ன மீனுக்கும் அதே பெயர்தான். விலங்கியலில் அதன் பேரினப் பெயர் இன்றும் ஹிப்போகாம்பஸ். அதனால்தான் இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் மூளைப் படங்களுக்கு நடுவே மீன்களும் வந்து நிற்கின்றன.

அது மூளையில் எங்கே இருக்கிறது?

காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டு மடலின் உட்புறத்தில். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு உண்டு. பேச்சு வழக்கில் ஒன்று போலவே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொன்றும் சுமார் 4 முதல் 5 செ.மீ. நீளம், ஏறக்குறைய உங்கள் சுண்டுவிரல் அளவு.

இந்தப் பெயரை வைத்தது யார்?

இத்தாலியின் பொலோன்யா நகரில் உடற்கூறு ஆசிரியராகவும் அறுவை மருத்துவராகவும் இருந்த ஜூலியோ சேசரே அரான்சியோ. லத்தீனில் எழுதும்போது தன் பெயரை அரான்சியஸ் என்று போட்டுக்கொண்டார். 1587இல் வெனிஸில் வெளியான தன் உடற்கூறு நூலில் இதைப் பற்றி எழுதினார். அவர் இறந்தது 1589இல், அதாவது பெயர் அச்சேறி இரண்டே ஆண்டுகளில்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அவர் படம் எதுவும் போடவில்லை, எழுத்தில் விவரித்ததோடு சரி. இரண்டாவது, அவர் ஒரே உவமையோடு நிற்கவில்லை. கடற்குதிரை போல இருக்கிறது என்று சொன்ன கையோடு, வெள்ளைப் பட்டுப்புழு போலவும் இருக்கிறது என்று சேர்த்தே எழுதினார். பின்னால் வந்தவர்கள் குதிரையை வைத்துக்கொண்டு புழுவை விட்டுவிட்டார்கள்.

முதல் படம் வருவதற்கு 1729 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை வெளியிட்ட ஜெர்மானியர் டுவெர்னுவாவுக்கும் அதே தடுமாற்றம்: குதிரையா, பட்டுப்புழுவா?

உண்மையிலேயே அது கடற்குதிரை மாதிரி இருக்கிறதா?

எப்படி வெட்டி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அரான்சியோ பார்த்த வழியிலேயே நாமும் போவோம். மூளைக்குள் திரவம் நிரம்பிய அறைகள் உண்டு. அவற்றில் பெரியது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அதன் ஒரு கிளை கீழ்நோக்கி வளைந்து, காதுப் பக்கத்து மடலுக்குள் முன்னோக்கி ஓடுகிறது. அந்தக் கிளையின் கூரையை மேலிருந்து சீவி எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், தரையில் ஒரு மேடு நீளவாக்கில் படுத்திருக்கும். வழவழப்பான வெள்ளை. பின்பக்கம் மெலிந்து வளைந்து போகும், முன்பக்கம் தடித்திருக்கும். அந்தத் தடித்த முனையில் இரண்டு மூன்று பள்ளங்கள் விழுந்து, விலங்கின் பாதத்தில் விரல்கள் பிரிவதுபோலத் தெரியும். அந்த முனைக்கு உடற்கூறு நூல்களில் ‘ஹிப்போகாம்பஸின் பாதம்’ என்றே பெயர்.

இந்த வெள்ளைக்கும் காரணம் உண்டு. ஹிப்போகாம்பஸின் நரம்பு செல்கள் அனுப்பும் இழைகள் கொழுப்புறை போர்த்தி, அதன் மேற்பரப்பில் மெல்லிய விரிப்பாகப் படர்ந்திருக்கின்றன. அறையைத் திறந்தவர் முதலில் பார்ப்பது அந்த விரிப்பைத்தான்.

இந்த நிலையில் எனக்குக் குதிரை தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளையாக, கொழுகொழுவென்று, மடிப்பு விழுந்து, சற்றே வளைந்து படுத்திருக்கும் ஒன்றைப் பார்த்தால் பட்டுப்புழுதான் ஞாபகம் வருகிறது. என் வாக்கு புழுவுக்கே.

குதிரை தெரிய வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஹிப்போகாம்பஸின் பின்முனையிலிருந்து ஃபார்னிக்ஸ் என்ற இழைக்கட்டு புறப்பட்டு, மேலே வளைந்து, முன்னோக்கி இறங்குகிறது. இரண்டையும் அறுபடாமல் சேர்த்து வெளியே எடுத்து நிமிர்த்திப் பிடித்தால், தடித்த உடலும் ஒல்லியாக வளையும் வாலுமாக ஒரு முழுக் கடற்குதிரை கையில் இருக்கும். ஹங்கேரிய ஆய்வாளர் லாஸ்லோ செரெஸ் 1980இல் இப்படி ஒன்றைத் தயாரித்து, நிஜக் கடற்குதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பெயரோடு சண்டை போடுவதில்லை.

பாடப்புத்தகத்தில் வரும் குறுக்குவெட்டுப் படத்தில் தெரியும் சுருள்தான் குதிரையா?

இல்லை. இந்தக் குழப்பம் மாணவர்களிடம் நிறையவே இருக்கிறது. குறுக்குவெட்டில் தெரியும் சுருளும் கடற்குதிரையின் வாலை நினைவூட்டும் என்பது உண்மைதான். ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை. 1587இல் நுண்ணோக்கி கிடையாது, செல்களுக்குச் சாயம் ஏற்றும் முறையும் கிடையாது. வெறும் கண்ணால், முழு உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் இது.

குறுக்குவெட்டு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? இரண்டு கைவிரல்களையும் கொக்கி போல மடக்கி, ஒன்றுக்குள் ஒன்று மாட்டுங்கள். எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு வளைவுகள் கோத்துக்கொண்டு நிற்கும் அல்லவா, அதேதான். ஒரு கொக்கி அசல் ஹிப்போகாம்பஸ். மற்றது பல்வரிசை மடிப்பு, அதாவது டென்டேட் கைரஸ். மேற்பரப்பில் பல் பல்லாக வெட்டு விழுந்திருப்பதால் அந்தப் பெயர்.

‘காம்பஸ்’ என்பது கல்லூரி கேம்பஸா?

சம்பந்தமே இல்லை. கல்லூரி வளாகத்தைக் குறிக்கும் கேம்பஸ் லத்தீன் சொல், வயல் அல்லது திறந்தவெளி என்று பொருள். இங்கே இருப்பது கிரேக்கக் கடல் பூதம். எழுத்துக் கூட்டல் ஒன்றாகிவிட்டதால் வந்த மயக்கம் இது. ‘குதிரை லாயம்’ என்று பொருள் சொல்லும் பதிவு ஒன்றைக்கூடப் பார்த்திருக்கிறேன். அழகான கற்பனைதான், ஆனால் தவறு.

இன்னொரு சொல்லும் இங்கே பக்கத்தில் நிற்கிறது. கிரேக்கத்தில் கம்பளிப்புழுவைக் குறிக்கும் சொல் காம்பே. பட்டுப்புழுவுக்கு வாக்களித்தவன் என்ற முறையில் இது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஹிப்போகாம்பஸ், ஹைப்போதலாமஸ்: இரண்டிலும் ஒரே ‘ஹிப்போ’வா?

இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஹைப்போ என்றால் கீழே. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே இருப்பதால் ஹைப்போதலாமஸ். ஹிப்போ என்றால் குதிரை. மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஹிப்போகிரட்டிஸின் பெயரில் இருப்பதும் இந்தக் குதிரைதான். பிலிப் என்ற பெயரின் வால் பகுதியிலும் அதே குதிரை நிற்கிறது: குதிரைகளை நேசிப்பவன் என்று பொருள்.

ஒரு காலத்தில் இதை நீர்யானை என்று அழைத்தார்களாமே?

ஆமாம், இது கட்டுக்கதை இல்லை. 1779இல் மேயர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றாளர் ஹிப்போகாம்பஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் ஹிப்போபொட்டமஸ் என்று எழுதிவிட்டார். அவரைப் பார்த்து வேறு சிலரும் அப்படியே எழுதினார்கள். 1829இல் உடற்கூற்றாளர் கார்ல் ஃப்ரீட்ரிக் புர்டாக் எடுத்துச் சொல்லித் தெளிவுபடுத்தும் வரை, சுமார் ஐம்பது ஆண்டுகள், மருத்துவ நூல்களில் மனித மூளைக்குள் ஒரு நீர்யானை படுத்துக் கிடந்தது.

இரண்டு சொல்லுக்கும் தலை ஒன்றுதான். பொட்டமோஸ் என்றால் ஆறு, ஆகவே ஹிப்போபொட்டமஸ் என்றால் ஆற்றுக்குதிரை. அதே விலங்கைத் தமிழ் யானையாகப் பார்க்கிறது, கிரேக்கம் குதிரையாகப் பார்த்திருக்கிறது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அதற்குக் குதிரை என்று பெயர் வைத்தவர்களின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஹிப்போகாம்பஸின் பகுதிகளைச் சிஏ1, சிஏ3 என்கிறார்களே, அது எந்தச் சொல்லின் சுருக்கம்?

அது இதே உறுப்பின் இன்னொரு பெயரிலிருந்து வருகிறது: கார்னு அம்மோனிஸ், அதாவது அம்மோனின் கொம்பு.

1732இல் பாரிஸில் பணியாற்றிய டென்மார்க்காரர் வின்ஸ்லோ, ‘குதிரையும் இல்லை, புழுவும் இல்லை, இது செம்மறிக் கடாவின் கொம்பு’ என்கிற பாணியில் புதிய உவமை ஒன்றைக் கொண்டுவந்தார். பத்தாண்டு கழித்து, 1742இல், பிரெஞ்சு அறுவை மருத்துவர் கரஞ்சோ அதற்குத் தெய்வப் பெயர் சூட்டினார். எகிப்தியக் கடவுள் அமுனைக் கடாக் கொம்போடு காட்டுவது வழக்கம். கிரேக்கர்கள் அவரை அம்மோன் என்றார்கள். அப்படித்தான் மூளைக்குள் எகிப்துக் கடவுளின் கொம்பு முளைத்தது.

1934இல் ஸ்பெயின்காரர் ரஃபேல் லொரென்டே டி நோ, ஹிப்போகாம்பஸின் செல் அடுக்கைச் சிஏ1 முதல் சிஏ4 வரை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். முழுப் பெயர் வழக்கிலிருந்து விலகிக்கொண்டே போக, சுருக்கம் மட்டும் ஆய்வுக்கூடங்களில் நிலைத்துவிட்டது. தினமும் சிஏ1 என்று சொல்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு கடவுளின் பெயரைச் சொல்கிறோம் என்று தெரியுமோ!

அந்த அம்மோன் வேறு இடங்களிலும் இருக்கிறார். லிபியப் பாலைவனத்தில் அவர் கோயிலை ஒட்டிய பகுதியில் கிடைத்த உப்பை அவர் பெயராலேயே அழைத்தார்கள். அதிலிருந்துதான் அம்மோனியா என்ற பெயர் வந்தது. கொம்பு போலச் சுருண்டிருக்கும் அம்மோனைட் புதைபடிவமும் அவர் வீட்டுப் பிள்ளைதான்.

பெரிய ஹிப்போகாம்பஸ், சிறிய ஹிப்போகாம்பஸ் என்று இரண்டு வகை உண்டா?

இன்று இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, அதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதே திரவ அறையின் பின்பக்கக் கிளையில் தெரிந்த ஒரு சின்ன மேட்டுக்குச் ‘சிறிய ஹிப்போகாம்பஸ்’ என்று பெயர் கொடுத்தார்கள். அசலுக்குப் ‘பெரிய’ என்ற அடைமொழி சேர்ந்தது. சின்னதற்கும் பெரியதற்கும் அமைப்பிலும் வேலையிலும் எந்த உறவும் இல்லை. மூளையின் மேற்பரப்பில், பார்வைக்கான பகுதியில் இருக்கும் ஆழமான பள்ளம் ஒன்று வெளியிலிருந்து அழுத்துவதால் உட்சுவரில் ஏற்படும் புடைப்பு, அவ்வளவுதான்.

1857இல் ஆங்கிலேய உடற்கூற்றாளர் ரிச்சர்ட் ஓவன் இதைக் கையில் எடுத்தார். டைனோசர் என்ற பெயரை உருவாக்கியவர் இவர்தான். மனிதனைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டும் மூளை அடையாளங்கள் மூன்று என்றும், அவற்றில் ஒன்று சிறிய ஹிப்போகாம்பஸ் என்றும், குரங்குகளுக்கு அது கிடையாது என்றும் சொன்னார். இரண்டு ஆண்டில் டார்வினின் பரிணாம நூல் வந்தது, பேச்சு சூடுபிடித்தது. 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த அறிவியல் கூட்டத்தில் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி எழுந்து, ஓவன் சொல்வது தவறு என்று முகத்துக்கு நேரே மறுத்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒருவர் மாற்றி ஒருவராகக் குரங்கு மூளைகளை அறுத்துக் காட்டினார்கள். சின்ன மேடு அங்கேயும் இருந்தது. மனிதன் தனி என்ற வாதம் ஒரு விரல்நுனி அளவு புடைப்பின் மேல் நின்றிருந்தது. புடைப்பு குரங்கிடமும் இருக்கிறது என்று தெரிந்ததும் வாதம் சரிந்தது.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 1863இல் சார்லஸ் கிங்ஸ்லி எழுதிய குழந்தைக் கதை ஒன்றில் இந்தச் சண்டையைக் கிண்டல் செய்து, மூளைக்குள் இருப்பது ‘ஹிப்போபொட்டமஸ் மேஜர்’ என்று எழுதினார். பழைய நீர்யானை மறுபடி தலைகாட்டியது, இந்த முறை வேண்டுமென்றே.

அந்தச் சின்ன மேட்டின் இன்றைய பெயர் கல்கார் ஏவிஸ். பறவையின் குதிமுள் என்று பொருள், சேவல் காலின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்குமே, அது. ‘சிறிய’ போனதும் ‘பெரிய’வுக்கும் வேலை இல்லாமல் போனது. ஹிப்போகாம்பஸ் மறுபடி வெறும் ஹிப்போகாம்பஸ் ஆனது.

நினைவாற்றலுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

ஒரு துளியும் இல்லை. பெயர் வைத்தவருக்கு இது என்ன வேலை செய்கிறது என்று தெரியாது. அவருக்குப் பின் 300 ஆண்டுகள் ஆன பிறகும் இது வாசனையை அறியும் மூளைப்பகுதி என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது. 1947இல் நார்வேக்காரர் ஆல்ஃப் ப்ரூடால் அந்தக் கருத்துக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று விரிவாக எழுதினார்.

திருப்பம் 1953இல் வந்தது. ஹென்றி மொலாய்சன் என்ற அமெரிக்க இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை நீக்கினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். வினோதம் என்னவென்றால், கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டைப் பேனாவால் தொடரும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், ஆனால் முன்பு அதைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. ஸ்கோவிலும் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் ஹிப்போகாம்பஸ் என்றாலே நினைவு என்று ஆனது. மொலாய்சன் 2008இல் காலமாகும் வரை உலகம் அவரை ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்தாகத்தான் அறிந்திருந்தது.

அப்புறம் 1971இல் ஜான் ஓ’கீஃப் எலியின் ஹிப்போகாம்பஸில் இடமறியும் செல்களைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் மட்டும் துடிக்கும் செல்கள் அவை. அதற்கு 2014இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஸ்கேன் அறிக்கையில் ‘ஹிப்போகாம்பஸ் சுருக்கம்’ என்று இருந்தால் என்ன பொருள்?

அந்தப் பகுதியின் பருமன் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது என்று பொருள். வயது, அல்சைமர் நோய், நீண்ட கால வலிப்பு நோய் எனக் காரணங்கள் பல உண்டு. அந்த ஒரு வரியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, உங்கள் நரம்பியல் மருத்துவரிடமே கேளுங்கள். பழைய அறிக்கைகளில் ‘அம்மோன் கொம்பின் இறுக்கம்’ என்ற தொடர் வந்தால் மிரள வேண்டாம், இதே உறுப்பைத்தான் சொல்கிறார்கள்.

மூளையின் மற்ற பகுதிகளுக்கும் இப்படித்தான் பெயர் வைத்தார்களா?

பெரும்பாலும் அப்படித்தான். ஹிப்போகாம்பஸுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அமிக்டலா என்றால் பாதாம். நீர்யானையை விரட்டிய அதே புர்டாக் வைத்த பெயர். பக்கத்தில் இருக்கும் அங்கஸ் ஒரு கொக்கி, ஃபிம்ப்ரியா துணியின் ஓரத்துக் குஞ்சம், ஃபார்னிக்ஸ் கட்டடத்தின் வளைவு, இன்சுலா தீவு. தலாமஸ் வீட்டின் உள்ளறை, குறிப்பாகப் பள்ளியறை. பான்ஸ் என்றால் பாலம். அரான்சியோ காலத்தவரான வரோலியோ 1573இல் சொன்னது. மூளையை மண்டையிலிருந்து எடுத்துக் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து ஆராய்ந்ததால் அவர் கண்ணுக்கு அந்தப் பாலம் பட்டது. எனக்குப் பிடித்தது மூளையின் கடின உறையான டியூரா மேட்டர். கடினமான தாய் என்று பொருள். அரபு மருத்துவர்கள் உறைகளைத் தாய் என்று அழைத்ததை லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் இதை எப்படி எழுதுவது?

ஹிப்போகாம்பஸ் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும், நானும் அதையே எழுதுகிறேன். தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் ‘கடற்குதிரை மேடு’ எனலாம். வெறுமனே ‘கடற்குதிரை’ என்று போட்டால் வாசகர் மீனைத் தேடிப் போய்விடுவார்.

ஆனால் கலைச்சொல் என்றால் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. மெடுல்லா என்ற லத்தீன் சொல்லுக்கு மஜ்ஜை என்று பொருள். நம் பாடநூல்கள் அதை முகுளம் என்கின்றன, அதாவது மொட்டு. தண்டுவடத்தின் தலைப்பில் சற்றே பருத்து நிற்கும் அதன் வடிவத்துக்கு, மஜ்ஜையைவிட மொட்டுதான் பொருந்துகிறது. கார்ட்டெக்ஸ் என்றால் மரப்பட்டை, தமிழில் புறணி. இது நேரான பெயர்ப்புதான். என்ன, முதல்முறை கேட்கிறவருக்கு ‘பெருமூளைப் புறணி’ என்றால் மூளை யாரைப் பற்றியோ புறம் பேசுவதுபோல இருக்கும்.

கடைசியாக ஒன்று: கடற்குதிரையின் மூளையில் ஹிப்போகாம்பஸ் உண்டா?

பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் உண்டு, பறவைகளுக்கும் அதற்கு இணையான பகுதி உண்டு. மீன்களின் மூளையில் அதே வேலையின் ஒரு பங்கைச் செய்யும் பகுதி இருக்கிறது, ஆனால் அது சுருண்டு மடிந்த மேடாக இல்லை. எனவே கடற்குதிரையின் தலைக்குள் தேடினால் கடற்குதிரை கிடைக்காது. பட்டுப்புழுவும்தான்.